மாப்பிள்ளை முகத்தில் பச்சைக் கட்டம்

அத்தியாயம் 4

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், உரக்கடையின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது அறிவு டிஜிட்டல் ஸ்டுடியோ. மாடிப்படிச் சுவர் முழுக்கப் படங்கள். கீழ்ப்படியில் தவழும் குழந்தை, நடுப்படியில் காதுகுத்து, மேல்படியில் மணமக்கள். உர வாசனையைச் சுவாசித்தபடியே ஒரு மனுஷனின் பாதி ஆயுசை ஏறிக் கடந்துவிடலாம்.

"இன்னும் நாலு படி வச்சிருந்தா அறுபதாங்கல்யாணம், கருமாதி எல்லாத்தையும் முடிச்சிருப்பாங்க மேடம்," என்றான் நிலவழகன், மூச்சு வாங்கிக்கொண்டே.

திலகவதி நிற்காமல் ஏறினாள். புதுக்கோட்டை கீழராஜவீதியில் துப்பறியும் ஏஜென்சி நடத்தும் அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அதற்கு முன்பு பதினெட்டு வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்தவள். எரியாத வைக்கோல் போருக்கும் சாகாத மாட்டுக்கும் பணம் கேட்டு வந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து, மனுஷ இனத்தின் மேல் அவளுக்கு இருந்த மரியாதை ஒரு டம்ளருக்குள் அடங்கும் அளவுக்கு வற்றியிருந்தது. நிலவழகன் முப்பத்தெட்டு வயதுக்காரன். சொந்தமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, வந்த வாடிக்கையாளரையெல்லாம் நக்கல் அடித்தே விரட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் அவளிடம் சேர்ந்தவன்.

மாடியில் ஸ்டுடியோ முதலாளி அறிவுச்செல்வன் இருவரையும் கும்பிட்டு வரவேற்றார். வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் செல்போன், பேனா, அவற்றோடு வெள்ளையாக நீளமாக இன்னொன்று.

"வாங்க மேடம். திருடி உள்ளதான் இருக்கா. கையும் களவுமாப் பிடிச்சுக் குடுத்தீங்கன்னாப் போதும்."

திருடி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றேதான் சொன்னார். பெயர் இந்துமதி. ஆலங்குடிப் பக்கம் கடலை விவசாயம் பண்ணும் வீட்டுப் பெண். ஆறு வருஷமாக இங்கே வீடியோ எடிட்டிங்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி, சொந்தமா ஸ்டுடியோ போடப் போறேன்னு சொல்லிச்சு," என்றார் அறிவுச்செல்வன். "தாராளமாப் போடட்டும். ஆனா போறதுக்கு முன்னாடி என் பேரை நாறடிச்சுட்டுத்தான் போகணுமா? உள்ள வாங்க, பாருங்க."

ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த, திருமயம் பக்கத்துப் பெரிய வீட்டுக் கல்யாணப் படம் திரையில் ஓடியது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. மாப்பிள்ளை குனிந்தார். தாலி கட்டும் அந்த நொடியில் அவர் முகத்தில் நாலைந்து பச்சைக் கட்டங்கள் பளிச்சென்று அப்பிக்கொண்டன. இரண்டு விநாடி இருந்துவிட்டு மறைந்தன.

"மாப்பிள்ளைக்கு நல்ல யோசனை," என்றான் நிலவழகன். "ஆள் அடையாளம் தெரியாமலே கல்யாணத்தை முடிச்சுட்டார்."

"சிரிக்காதீங்க தம்பி. பொண்ணோட அம்மா விசாலி ஆச்சி நாலரை மணிக்கு வாராக. பொண்ணும் மாப்பிள்ளையும் நாளைக்குத் துபாய்க்குப் போகுது. மூணு வாரமா இதே கூத்து. இவதான் கெடுத்தான்னு காலையிலயே ஆச்சிக்குப் போன்ல சொல்லிட்டேன்."

"எப்படித் தெரியும்?" என்றாள் திலகவதி.

அறிவுச்செல்வன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். "நான் பக்கத்துல உக்காந்தா கட்டம் வராது. நான் எந்திரிச்சுப் போனா வரும். நாலு தடவை பாத்துட்டேன். மெஷின் கோளாறா இருந்தா, அது என்னைப் பாத்து ஏன் மேடம் பயப்படணும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்படிக் கச்சிதமாக வரும் சாட்சியத்தைத்தான் திலகவதி முதலில் சந்தேகப்படுவாள்.

அவர் ஒரு தாளை நீட்டினார். அவர் கையெழுத்தில் நாலு வரி. வேண்டுமென்றே படத்தைக் கெடுத்ததாக ஒப்புக்கொள்கிறேன். இனி ஐந்து வருஷத்துக்கு இந்தத் தாலுகாவில் போட்டோ, வீடியோத் தொழில் செய்ய மாட்டேன். கீழே இந்துமதி கையெழுத்துப் போட இடம்.

"இதுல கையெழுத்துப் போட்டா மன்னிச்சு விட்ருவேன். இல்லன்னா ஆச்சியைக் கூட்டிக்கிட்டுப் போய் ஸ்டேஷன்ல புகார்."

திலகவதி தாளை இரண்டு தடவை படித்தாள். முதல் வரியில் கோபம் இருந்தது. இரண்டாவது வரியில் கோபம் இல்லை, வியாபாரம் இருந்தது.

"நீ என்னம்மா சொல்ற?" என்று இந்துமதியைக் கேட்டாள்.

இந்துமதி திரும்பினாள். அழுது முடித்த முகம். "நான் போடலைங்க. ஆனா ஏன் வருதுன்னு எனக்கும் தெரியலை. ஆறு வருஷமா வேலை பாக்குறவளுக்கு அது தெரியலைன்னா யாருங்க நம்புவாங்க? அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

மணி இரண்டேகால்.

"கடைச் சாவி யார்கிட்ட?" என்று முதலாளியைக் கேட்டாள் திலகவதி.

"என்கிட்ட மட்டும்தான். நான் தெறந்தாத்தான் கடை. ஞாயித்துக்கெழமை லீவு, அன்னைக்கு ஈ எறும்புகூட உள்ள வர முடியாது."

"நல்லது. கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

அவர் எழுந்தார். பையிலிருந்த வெள்ளைச் சமாச்சாரத்தின் மேல் கை போனது, எங்கோ 'பீப்' என்றது. கதவு மூடியது.

நிலவழகன் வேலையை ஆரம்பித்தான். முதலில் மானிட்டர் வயரை மாற்றினான். கட்டம் வந்தது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் முன் அறையிலிருந்து வேறு மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினான். அதிலும் வந்தது. கட்டம் தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் செல்போனுக்கு அனுப்பிப் பார்த்தான்.

"போன்லயும் பச்சை. கண்ணாடியில கறை இல்ல மேடம், மூஞ்சியிலேயே கறை. மானிட்டர், வயரு ரெண்டையும் விடுதலை பண்ணிரலாம்."

"கேமராவுல எடுத்த ஒரிஜினல்?"

அதைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். மாப்பிள்ளை சுத்தமாக இருந்தார். முகத்தில் பயம் மட்டும் இருந்தது, அது ஒரிஜினல்.

"இந்துமதி, தாலி கட்டுற அந்த மூணு நிமிஷத்தை ரெண்டு தடவை ரெண்டு ஃபைலா எடுத்துக் குடு," என்றாள் திலகவதி.

கம்ப்யூட்டர் இரண்டு தடவையும் முக்கி முனகிப் படத்தை வெளியே தள்ளியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார்கள். முதல் ஃபைலில் கட்டம் மாப்பிள்ளையின் மாமா காதில் உட்கார்ந்தது. இரண்டாவதில் ஐயரை விட்டுவிட்டு, பின்னால் நின்ற சமையல்காரர் வயிற்றில் போய் விழுந்தது.

திலகவதியின் உதடு கோணியது. "வஞ்சம் வச்சுக் கெடுக்கிறவ ஒரே எடத்துல கெடுப்பா. சமையல்காரர் வயித்து மேல யாருக்கு என்ன வஞ்சம்?"

"பந்தியில வெஞ்சனம் சரியில்லையோ என்னவோ," என்றான் நிலவழகன்.

"மூணு வாரமா எல்லாரும் மாப்பிள்ளை முகத்தை மட்டுமே பாத்துட்டு, முகத்துல மட்டும்தான் வருதுன்னு முடிவு கட்டியிருக்காங்க. கூப்பிடு அவரை."

அறிவுச்செல்வன் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'பீப்'. "ம், இப்ப ஓட்டுங்க. வராது பாருங்க."

இந்துமதி கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாக எடுத்து ஓட்டினாள். வரவில்லை. மூன்று நிமிஷமும் மாப்பிள்ளை பளிங்கு போல இருந்தார். முதலாளி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், தீர்ப்பை வாசித்து முடித்தவர் போல.

திலகவதி திரையைப் பார்க்கவில்லை. தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்னி நட்சத்திரம் முடிந்து மூன்று வாரம் ஆகியும் வெயிலுக்கு இன்னும் அந்தத் தகவல் வந்து சேரவில்லை. இவ்வளவு நேரமும் கழுத்தில் ஓடிய வியர்வை இப்போது காய்ந்திருந்தது.

"உங்க பையில இருக்கிறது என்ன?"

"இதா? ஏசி ரிமோட்டு."

"எப்பவும் பையிலயே இருக்குமா?"

"பின்ன? இங்க வச்சா, நான் தலை மறைஞ்சதும் பதினாறுல போட்டுக்கிட்டுப் படுத்துருவாங்க. நான் வந்தாப் போடுவேன், கஸ்டமர் வந்தாப் போடுவேன். வெளிய போறப்ப அணைச்சிருவேன். கரண்டு என்ன ஓடையிலயா ஓடுது?"

"எங்க ஆபீஸ்ல ஃபேனுக்குத்தான் அந்த மரியாதை," என்றான் நிலவழகன். "அண்ணே, ஒரு சின்ன உதவி. நீங்க வெளிய போங்க, ரிமோட்டு இங்க இருக்கட்டும்."

அறிவுச்செல்வனுக்குச் செல்போனைக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வைத்துவிட்டுப் போனார். ஏசி ஓடியது, முதலாளி இல்லை. கட்டம் வரவில்லை. பிறகு அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏசியை அணைத்து, கதவைச் சாத்தி, இருபது நிமிஷம் எல்லாருமாக வெந்தார்கள். முதலாளி முழுசாக, மீசை முதல் செருப்பு வரை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மாப்பிள்ளை நெற்றியில் பச்சை பூத்தது.

"மெஷின் உங்களைப் பாத்துப் பயப்படலை," என்றாள் திலகவதி. "உங்ககூட வர்ற குளுமைக்குத்தான் அடங்கியிருக்கு. இந்தப் பொண்ணு தனியா இருந்த நேரமெல்லாம் நீங்களே ஏசியை அணைச்சு, நீங்களே அவளைக் குற்றவாளியாக்கிட்டீங்க."

இந்துமதி முகத்தில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் அறிவுச்செல்வன் அவ்வளவு சுலபத்தில் பேரத்தை விடுகிற ஆள் இல்லை.

"அதெப்படி மேடம்? முன் ரூம்ல பழைய மெஷின் இருக்கு. அதுக்கு ஏசியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. எட்டு வருஷமா ஒழுங்கா ஓடுது. இதுல படத்தை உருவாக்குற கிராபிக்ஸ் கார்டு போன தீவாளிக்கு வாங்கினது, புதுசு. இவ உள்ள ஏதோ நோண்டி விட்டிருக்கா. அதான் சூடு தாங்கலை."

கேள்வி நியாயமானதுதான். கேட்டவரிடம்தான் நியாயமில்லை. திலகவதி நிலவழகனைப் பார்த்தாள். அவன் அலமாரி உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கிராபிக்ஸ் கார்டு வந்த காலி அட்டைப்பெட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே கொலுவிருந்தது.

அவன் ஸ்டூல் போட்டு அதை இறக்கி, தூசி தட்டி, மூலையில் இருந்த இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளைத் தடவிக் காட்டினான்.

"ஓ.சி. உடனே இலவசம்னு நெனச்சுராதீங்க. ஓவர்க்ளாக். ஒவ்வொரு சிப்புக்கும் இவ்வளவு வேகம்தான்னு ஓர் அளவு இருக்கு. இந்தக் கம்பெனிக்காரன் பெட்டியில அடைக்கும்போதே அதுக்கு மேல ஏத்திவிட்டு, கூட விலைக்கு விக்கிறான். நாப்பது மூட்டை ஏத்துற வண்டியில நாப்பத்தஞ்சை ஏத்தி அனுப்புற மாதிரி. சில வண்டி தாங்கும். சிலது காலையில தாங்கும், மத்தியான வெயில்ல டயர் வாயைப் பிளக்கும். உங்க பழைய கார்டு முப்பது மூட்டை ஏத்திக்கிட்டு, அதுபாட்டுக்குத் தூங்கி வழிஞ்சு ஓடுது. அதான் அதுக்கு ஏசி வேண்டியதில்லை."

"கூட வேகம்னா நல்லதுதானே?"

"படம் அஞ்சு விநாடி முன்னாடி வரும். மாப்பிள்ளை மூஞ்சி வராது."

"நிரூபி," என்றாள் திலகவதி. மணி மூன்றே முக்கால்.

கார்டின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சாஃப்ட்வேர் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. நிலவழகன் அதைத் திறந்து, வேகத்தை நூற்றியிருபது புள்ளி இறக்கினான். ஏசி அணைந்தே இருந்தது. போதாதென்று ஃபேனையும் நிறுத்தினான். அறை இட்லிக் கொப்பரை ஆனது. இந்துமதி படத்தை எடுத்தாள். ஓட்டினாள். சுத்தம். மறுபடி எடுத்தாள். சுத்தம். மூன்றாவது தடவையும் மாமா காது மாமாவிடமே இருந்தது, சமையல்காரர் வயிறு சமையல்காரரிடமே இருந்தது.

இந்துமதி முழுப் படத்தையும் எடுக்கப் போட்டுவிட்டு, துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"சரி, சரி," என்றார் அறிவுச்செல்வன், எழுந்துகொண்டே. "கார்டு கோளாறு. யாருக்குத் தெரியும் இதெல்லாம்? நானும் ஏமாந்தேன், அதுவும் ஏமாந்துச்சு. விடுங்க, ஃபேனைப் போடுங்க."

அப்போதுதான் நிலவழகன் "மேடம்," என்றான். குரலில் நக்கல் இல்லை. அவனிடம் அது அபூர்வம்.

"என்ன?"

"இறக்கின வேகத்தைச் சேமிச்சு வைக்க இதுல அஞ்சு எடம் உண்டு. ஒண்ணாம் நம்பர்ல வைக்கலாம்னு போனேன். ஏற்கெனவே ஒருத்தர் வச்சிருக்கார்."

"எதை?"

"நூறு புள்ளி கம்மி. நம்ம மருந்தேதான். நமக்கு முன்னாடியே ஒரு வைத்தியர் வந்துட்டுப் போயிருக்கார்."

திலகவதி குனிந்து பார்த்தாள். "எப்ப வச்சது?"

"போன பத்தாம் தேதி. காலையில பதினொண்ணேகால்."

"கிழமை?"

நிலவழகன் செல்போனில் தேதியைத் தட்டினான். "ஞாயிறு."

ஃபேன் ஸ்விட்சுக்குப் போன அறிவுச்செல்வனின் கை பாதியில் நின்றது.

"ஞாயித்துக்கெழமை," என்றாள் திலகவதி மெதுவாக, "ஈ எறும்பு உள்ள வராத நாள். இந்துமதி, அன்னைக்கு இந்த மெஷின்ல இருந்து ஏதாவது படம் வெளிய போயிருக்கா?"

இந்துமதி தேடினாள். அவள் கை வேகமாக இருந்தது. "ஒண்ணு இருக்குங்க. சாருடைய தங்கச்சி மகன் காதுகுத்து. ஒன்றரை மணி நேரப் படம்." ஓட்டிப் பார்த்தாள். "ஒரு புள்ளிகூட இல்லைங்க."

"திங்கக்கெழமை காலையில நீ வந்தப்ப வேகம்?"

"ஏத்தின வேகத்துலயே திரும்பியும் வச்சிருக்கணும். அன்னைக்குத்தான் ஆச்சி வீட்டுப் படத்துல முழுசா விழுந்துச்சு."

திலகவதி முதலாளியின் பக்கம் திரும்பினாள். பதினெட்டு வருஷத்தில் இந்த முகத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். செத்த மாட்டுக்குப் பணம் வாங்க வந்து, பின்னால் அதே மாடு கத்திவிட்டால் மனுஷனுக்கு வருகிற முகம்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

அவர் கண்ணாடிக் கதவு வழியாக மேல்படி மணமக்களைப் பார்த்தார். அவர்கள் உதவிக்கு வரவில்லை. "கார்டு வித்த கடைக்காரன்தான். போன்ல கேட்டேன். கட்டம் வந்தா வேகத்தைக் கொறைங்கன்னான்."

"கொறைச்சீங்க. தங்கச்சி வீட்டுக் காதுகுத்து நல்லா வந்துச்சு. அப்புறம் ஏன் ஏத்தினீங்க?"

"மேடம், அது கூடக் காசு குடுத்து வாங்கின வேகம். அதைப் போய்க் கொறைச்சு ஓட்டுனா நான் முட்டாளுன்னுதானே அர்த்தம்?"

"தங்கச்சி வீட்டுக்கு மட்டும் ஒரு நாள் முட்டாளா இருந்தீங்களாக்கும்?"

அவர் பையில் இல்லாத ரிமோட்டைத் தடவினார்.

"நான் சொல்றேன்," என்றாள் திலகவதி. "காரணம் இந்தத் தாள்ல ரெண்டாவது வரியில இருக்கு. கட்டம் உங்களுக்கு நஷ்டம்னு மொதல்ல நெனச்சீங்க. அப்புறம் பாத்தா, நீங்க உக்காந்தா வரலை, இவ உக்காந்தா வருது. அதை வச்சு இவ கடை போடுறதை அஞ்சு வருஷம் நிறுத்திரலாம்னு கணக்குப் போட்டீங்க. நடுவுல ஒரு சாட்சி வேணும். அதுக்கு நான். உங்களுக்குத் துப்பறியிறவ வேண்டியிருக்கலை, ரப்பர் ஸ்டாம்ப் வேண்டியிருந்துச்சு."

"அதுவும் புதுக்கோட்டையில இருந்து பஸ் ஏறி வர்ற ஸ்டாம்ப்," என்றான் நிலவழகன்.

அறிவுச்செல்வன் குரலை இறக்கினார். "மேடம், உங்களைக் கூப்பிட்டது நான். ரிப்போர்ட்டு நமக்குள்ளயே இருக்கட்டுமே."

"குற்றவாளியைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க, கண்டுபிடிச்சாச்சு. பேரை மாத்தி எழுதுறதுக்கு வேற ஏஜென்சி பாருங்க."

கீழே கார்க்கதவு சாத்தும் சத்தம். விசாலி ஆச்சி படியேறி வந்தார். அறுபது வயது, நறுக்கென்ற உடம்பு, எந்தக் கடையிலும் முதல் விலையை ஒப்புக்கொள்ளாத கண். நாற்காலியில் உட்காராமலே இந்துமதியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவதானா அந்தப் பொண்ணு?"

திலகவதி முதலாளியைப் பார்த்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"அது வந்து ஆச்சி... மெஷின்ல சின்னக் கோளாறு. பொண்ணு மேல தப்பில்லை."

"காலையில பொண்ணுன்னீக. சாயங்காலம் மெஷினுங்கிறீக. ராத்திரிக்கு யாரைச் சொல்லப் போறீக?"

திலகவதி அந்தத் தாளை ஆச்சியிடம் நீட்டினாள். "இது அவர் எழுதினது. கோளாறு எதுன்னு அவருக்கு எட்டு நாளாத் தெரியும். சரி பண்ணவும் தெரியும். தன் தங்கச்சி வீட்டுப் படத்துக்குச் சரி பண்ணிட்டு, உங்க வீட்டுப் படத்துக்கு மறுபடி கெடுத்து வச்சார். பழியை இந்தப் பொண்ணு மேல போட்டு, இதுல கையெழுத்து வாங்கப் பாத்தார்."

ஆச்சி கண்ணாடியை மாட்டி, தாளை ஒரு தடவை படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "மொதல்ல படத்தைக் காட்டு ஆத்தா," என்றார் இந்துமதியிடம்.

முழுப் படமும் தயாராகியிருந்தது. தாலி கட்டும் இடம் வந்தது. மாப்பிள்ளை தெளிவாகப் பயந்தார், தெளிவாகக் கட்டினார். ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இந்துமதி பென் டிரைவில் ஏற்றி, கழற்றி, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

ஆச்சி அதைக் கைப்பையில் வைத்து, தாளையும் மடித்து அதே பையில் வைத்துக்கொண்டார். அறிவுச்செல்வனின் கை அந்தத் தாளை நோக்கித் தானாக நீண்டு, தானாகவே திரும்பியது.

"அஞ்சு வருஷமாம்ல," என்றார் ஆச்சி. "எங்க வீட்டுல இன்னும் ரெண்டு கல்யாணம் கெடக்கு, அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. சின்னவளுக்குக் கார்த்திகையில. ஒனக்குக் கடை இருக்கோ இல்லையோ, கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்துரு. நீ ஆலங்குடிப் பக்கமா? கார் இப்பப் புதுக்கோட்டைக்குத்தான் போகுது, ஏறிக்க."

இந்துமதி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவு வரை போனவள் நின்றாள். திரும்பி வந்து, நின்றபடியே மவுஸைப் பிடித்து, வேகத்தை நூற்றியிருபது புள்ளி மேலே, அது வந்த இடத்துக்கே ஏற்றிவிட்டாள்.

"கூடக் குடுத்து வாங்கினதுங்க," என்றாள் முதலாளியிடம், மரியாதையாகவே. "நீங்களே ஓட்டுங்க."